ஒற்றைக்காலில் நிற்கும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. 'அண்ணா' என்று ஆரம்பித்திருந்தாய். அந்த உரிமையில் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் பெயரையும் கிளப்பின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தாய். போடவில்லை. ஆனால் பதிலைத் தபாலில் அனுப்பாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன். உன்னுடையதைப் போல எத்தனையோ கணுக்கால்கள் இந்தப் புதுச்சேரியில் நொண்டிக்கொண்டு திரிகின்றன. அவற்றுக்கும் போய்ச் சேரட்டும்.

நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். வயது 20. அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை. விடியற்காலையில் மூட்டை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குப் போகிறாய். மாசி மாதம் ஒரு கால்பந்து மேட்ச்சில், விங்கில் ஓடிவந்து சட்டென்று திரும்பியபோது இடது கால் உள்பக்கமாக மடங்கியது. அரை மணி நேரத்தில் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்புல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்" என்றார்கள். கிரேப் பேண்டேஜ், இரண்டு வாரம் ஓய்வு. வலி குறைந்தது, ஆடப் போய்விட்டாய்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. காலையில் எழுந்ததும் முதல் நாலு எட்டு வைக்கும்போது கால் விறைப்பாக இருக்கிறது. படி இறங்கினால் வெளிமுட்டியின் முன்னால் குத்துகிறது. ஆடிய அன்று ராத்திரி லேசாக வீங்குகிறது. நடுவில் இரண்டு தடவை மறுபடியும் மடங்கியது. ஒன்று மைதானத்தில். இன்னொன்று மார்க்கெட்டுக்குள், கையில் தக்காளிப் பெட்டியோடு.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமா? எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? ஊசி போட்டுக்கொண்டாவது வரப்போகிற டோர்னமென்ட்டை ஆடிவிடலாமா?

மூன்றாவது கேள்வியைக் கேள்வியாகக்கூட நீ கேட்கவில்லை. ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். என் பதிலும் ஏறக்குறைய அதுதான் தம்பி: ஒற்றைக்காலில் நில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தச் 'சுளுக்கு' என்ற சொல்லை விசாரிக்க வேண்டும். தலையணை சரியில்லாமல் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் நமக்குச் சுளுக்கு. குடம் தூக்கும்போது இடுப்புப் பிடித்தாலும் சுளுக்கு. கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் நார் கிழிந்தாலும் அதே சுளுக்கு. முதல் இரண்டும் நாலு நாளில் தானாகப் போய்விடும். மூன்றாவதும் அப்படியே போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். 'சுளுக்குதானே' என்று சொல்லும்போது அந்தத் 'தானே' இருக்கிறதே, அதுதான் கால்களைக் கெடுக்கிறது.

என் காலையும் அதுதான் கெடுத்தது. 1994. நான் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த காலம். பிளாக் போட்டுக் கீழே இறங்கும்போது வலைக்கு அடியில் எதிராளியின் பாதம் இருந்தது. அதன்மேல் இறங்கினேன். வாலிபால் ஆடுகிறவர்களின் கணுக்கால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். பாட்டி என்னைத் தெருக்கோடியில் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் காலால் பிறந்தவர். அவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. கட்டை விரலால் மூன்று தடவை தடவினார். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மறுநாள் இன்னொருவர் பாதத்தைப் பிடித்து இழுத்துச் சொடக்கெடுத்தார். கிழிந்த நாரை இழுத்தால் என்ன ஆகும்? வீக்கம் இரண்டு மடங்கு ஆனது. பத்தாம் நாள் கட்டோடு ஆடினேன், ஜெயித்தோம். கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கணுக்கால் இன்றைக்கும் படி இறங்கும்போது ஞாபகப்படுத்துகிறது.

பத்துப் போடுவது, நாட்டு மருந்துக் கடையில் முறிவெண்ணெய் வாங்கிச் சூடு பறக்கத் தடவுவது இதையெல்லாம் நான் கேலி செய்ய மாட்டேன். சூட்டில் விறைப்பு தளரும். தடவுகிற கையில் ஆறுதல் இருக்கிறது. புதிதாக மடங்கிய காலை இழுக்காமல், முறுக்காமல் இருந்தால் போதும். ஆனால் ஏழு மாத வலிக்கு எண்ணெய் மட்டும் பதிலாகாது.

நடந்தது என்னவென்று பார்ப்போம். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் அப்படிப்பட்ட நார்கள், அதாவது லிகமென்ட்கள், மூன்று இருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முன்னால் இருப்பது முதலில் கிழியும். மூன்றில் அதுதான் மெலிந்தது. உனக்குக் குத்துகிற இடமும் அதுதான். இந்த நார் சில நாளில் ஆறத் தொடங்கும். ஆறு வாரத்தில் ஓரளவு ஒட்டும். முழுப் பலம் பெறப் பல மாதம் பிடிக்கும், ஒரு வருடம்கூட ஆகலாம். நீ இரண்டு வாரத்தில் ஓடினாய். வலி நின்றுவிட்டதால் கால் ஆறிவிட்டது என்று நினைத்தாய். வலி எப்போதும் காலை முந்திக்கொண்டுதான் போகும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. லிகமென்ட் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, தரை சரிகிறதா, எடை எந்தப் பக்கம் விழுகிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தச் செய்தியும் அறுபடுகிறது. 1965-லேயே இங்கிலாந்தில் ஃபிரீமன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். சுளுக்கு ஆறிய பிறகும் 'கால் நழுவுகிறது' என்று சொன்னவர்களுக்கு, ஆடும் பலகைமேல் நின்று பழகச் சொன்னார். நார் ஒட்டிக்கொண்டாலும் காலுக்குத் தரை மறந்துபோயிருக்கும் என்பதுதான் அவர் கண்டது. மறந்த காலை எத்தனை மாதம் படுக்கையில் நீட்டி வைத்தாலும் ஞாபகம் வராது. உன் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

போன சனிக்கிழமை மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அரசாங்கக் காகிதத்தில் அது குபேர் அங்காடி. கடற்கரைச் சாலைக்கும் அதே குபேர் பெயர்தான். ஊரில் யாரும் இரண்டையும் அப்படிச் சொல்வதில்லை. நேரு வீதிப் பக்கமாக நுழைந்து, பூக்கடைகளைத் தாண்டி, மீன் பகுதிக்குள் போனதும் நின்றுவிட்டேன். உன் கடிதம் மனதில் இருந்ததால் அன்றைக்கு மீனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். ஐஸ் உருகிய தண்ணீர், செதில், அங்கங்கே தேய்ந்து குழிந்த கல். அதில் ஓர் அம்மா தலையில் பாத்திரத்தோடு வெறுங்காலில் நடந்து போனார். முகம் நேராக இருந்தது, காலைக் குனிந்து பார்க்கவே இல்லை. ஒரு கல்லின் விளிம்பில் பாதம் பாதிதான் பதிந்தது. கணுக்கால் 'சட்'டென்று வெளிப்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தது, கால் விரல்கள் விரிந்து கல்லைப் பிடித்தன, அடுத்த எட்டு விழுந்துவிட்டது. தலைமேல் பாத்திரம் அசையவில்லை. அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

நீ தக்காளிப் பெட்டியோடு மடங்கிய இடம் இதைவிடச் சமமான தரையாகத்தான் இருக்கும். உன் கணுக்காலுக்கும் அந்த இழுப்பு தெரியும். மாசி மாதம் வரை தெரிந்திருந்தது. இப்போது அது ஒரு கணம் தாமதமாக வருகிறது. கால் மடங்குவதற்கு அந்தத் தாமதம் போதும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இப்போதே சோதித்துப் பார். செருப்பைக் கழற்று. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, விழுந்தால் பிடித்துக்கொள்ளும்படி நில். நல்ல காலில், அதாவது வலது காலில், 30 விநாடி நில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில். எத்தனை விநாடி என்று எண்ணிக்கொள். அடுத்து இடது கால். பாதத்தைக் குனிந்து பார்த்தால், குதிகாலுக்கு மேலே நார்கள் வீணைத் தந்தி மாதிரி அதிர்வது தெரியும். கண்ணை மூடியதும் சுவரைப் பிடித்துவிடுவாய் என்று நினைக்கிறேன். இரண்டு காலுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் உன் ஏழு மாதம். எக்ஸ்ரேயில் அது விழாது.

எக்ஸ்ரே கேட்கிற கேள்வியே வேறு: எலும்பு முறிந்ததா, இல்லையா? 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தில் சொல்லப்பட்ட எலும்புகளிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடு. இல்லையென்றால் பெரும்பாலும் தேவையில்லை. இன்றைக்கும் உலகம் முழுவதும் அவசரப் பிரிவுகளில் இதைப் பார்க்கிறார்கள். 'ஒண்ணும் இல்ல' என்ற பதில் எலும்புக்கு மட்டும் சொன்னது. நாருக்கும் நரம்புக்கும் சேர்த்து நாமாக எடுத்துக்கொண்டோம்.

இனி உன் மூன்றாவது கேள்வி. அதற்கு உன்னைவிடப் பெரிய பிடிவாதக்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில், அக்டோபர் 19-ம் தேதி, புனேயில் வங்கதேசத்துக்கு எதிரான மேட்ச். ஹர்திக் பாண்டியா தன் முதல் ஓவரை வீசும்போது, லிட்டன் தாஸ் நேராக அடித்த பந்தைக் காலால் தடுக்கப்போய் இடது கணுக்கால் மடங்கியது. மீதி மூன்று பந்தைக் கோலி வீசினார். பிறகு பாண்டியாவே ஒரு பேட்டியில் சொன்னார்: அது 25 நாளில் ஆறக்கூடிய காயம்தான்; ஐந்து நாளில் வந்துவிடுகிறேன் என்று அவசரப்பட்டார்; கணுக்காலில் மூன்று இடத்தில் ஊசி போட்டார்கள்; வீக்கத்திலிருந்து ரத்தத்தை எடுத்தார்கள்; அப்படி அழுத்தி ஓடிப் பார்த்தபோது மறுபடியும் அடி விழுந்து அது மூன்று மாதக் காயமாக மாறியது. நவம்பர் 4-ம் தேதி அணியிலிருந்து விலக்கப்பட்டார். இந்தியா இறுதிப் போட்டியில் தோற்றதை வெளியிலிருந்துதான் பார்த்தார்.

பக்கத்திலேயே பிசியோ, டாக்டர், ஸ்கேன் என்று எல்லாம் இருந்த மனிதருக்கே ஊசியால் நாரை ஏமாற்ற முடியவில்லை. ஊசி வலியைத்தான் மரக்கச் செய்யும். வலி என்பது, 'இதற்குமேல் மடக்காதே' என்று கால் போடுகிற சத்தம். அதன் வாயைக் கட்டிவிட்டு உப்பளம் மைதானத்தில் 90 நிமிடம் ஓடினால் யாருக்கு நஷ்டம்?

கதையின் அடுத்த பாதியையும் கேள். அதே பாண்டியா 2024 மார்ச்சில் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். ஜூன் 29-ம் தேதி டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரை அவர்தான் வீசினார். கோப்பை நம்முடையது. அன்றைக்கு ஓடிவந்து ஊன்றியதும் அதே கணுக்கால்தான்.

அப்படியானால் நீ என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பெரிய ஜிம் வேண்டாம். நெதர்லாந்தில் கணுக்கால் மடங்கிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு, வீட்டிலேயே யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் செய்கிற 8 வாரச் சமநிலைப் பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவில் 100-க்கு 33 பேருக்கு மறுபடி மடங்கியிருந்தது. பயிற்சி செய்தவர்களில் 22 பேருக்கு. ஒற்றைக்காலில் நில் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தச் சொல்லுக்கு இதுதான் ஆதாரம்.

காலையில் பல் விளக்கும்போது இடது காலில் நில். வலது காலுக்கும் பங்கு கொடு. கண் திறந்து ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க வந்தபிறகு கண்ணை மூடு. அதுவும் பழகியதும் கடையில் காலியாகக் கிடக்கிற சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நில். மெத்தென்ற அந்தச் சாக்குதான் உன் ஆடும் பலகை. பிறகு சாக்கின்மேல் நின்றபடி நண்பனோடு பந்து தூக்கிப் போட்டுப் பிடி. பந்தைப் பார்க்கும்போது கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்கும். அந்த அம்மா காலைக் குனிந்து பார்க்கவில்லையே, அந்த நிலைக்கு வர வேண்டும்.

அடுத்தது பலம். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை மேசைக் காலில் கட்டி, மறு முனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளு. 'சட்'டென்று இழுத்துக் காப்பாற்றுகிற தசை அதுதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணி மெதுவாக இறக்கு. முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக்கால். விறைப்புக்கு: சுவரை நோக்கிப் பாதத்தை வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடு. கட்டை விரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று இரண்டு காலிலும் அளந்து வை. இடது கால் இரண்டு விரற்கடை பின்தங்கியிருந்தால், படி இறங்கும்போது ஏன் குத்துகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்யும்போது லேசான வலி இருந்தால் பயப்படாதே. பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் ஒரு படி இறங்கு. மணலில் ஓடினால் கால் பலப்படும் என்று யாராவது உன்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போவார்கள். மணல் கடைசிப் பாடம். முதலில், மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிற கடற்கரைச் சாலையின் சமதரையில் வேக நடை, பிறகு நேர் ஓட்டம், பிறகு வளைவு, பிறகு வெட்டித் திரும்புதல், அதற்கப்புறம்தான் பந்து. அதுவரை ஆட்டம் இல்லாமல் கை துறுதுறுத்தால் நம் ஊரில் பெத்தாங் ஆடுகிற பெரியவர்களோடு போய்ச் சேர்ந்துகொள். 'ஊன்றிய பாதம்' என்பதிலிருந்துதான் அந்த ஆட்டத்துக்கே பெயர் வந்தது. உன் கணுக்காலுக்கு ஏற்ற ஆட்டம்.

ஐஸ் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் மிர்கின், 2014-ல் தானே மனம் மாறினார். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். புதுக் காயத்தில் வலி பொறுக்காவிட்டால் கொஞ்ச நேரம் வைக்கலாம். உன் ஏழு மாதக் கணுக்காலுக்கு மீன் பகுதி ஐஸைக் கேட்டு வாங்கத் தேவையில்லை.

இப்போது உன் இரண்டாவது கேள்வியின் மிச்சம். எல்லா வலியும் மறதி வலி இல்லை. ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பார். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் அதுவரைகூடக் காத்திருக்காதே: மூட்டுக்குள் ஆழத்தில் வலி, நடுவில் கால் பூட்டிக்கொள்வது, வெளிமுட்டிக்குப் பின்னால் நார் 'டக் டக்'கென்று இடம் மாறுவது, கெண்டைக்காலை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினால் கணுக்காலுக்கு மேலே வலிப்பது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, மரத்துப்போவது. மூட்டுக் குருத்தெலும்பில் சிதைவு, வெளிப்பக்கத் தசைநாரில் கிழிசல், கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ள நாரின் சுளுக்கு, இவையெல்லாம் சாதாரணச் சுளுக்கின் வேஷத்தில் வரும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் பலவும் தெரியும். ஜிப்மர் புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளம்தான். மார்க்கெட்டில் விடியற்காலையில் எழுந்து பழகிய உனக்கு அது பெரிதா?

பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்துவை நினைத்துக்கொள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது கால் வலியோடு ஆடி ஆகஸ்ட் 8-ம் தேதி தங்கம் வாங்கினார். பிறகு பார்த்தால் அழுத்த முறிவு, எலும்பில் மயிரிழை விரிசல். அந்த வருட உலக சாம்பியன்ஷிப் போயிற்று. 2023 ஜனவரியில்தான் திரும்பினார். நாலு வருடத்துக்கு ஒரு முறை வருகிற போட்டிக்கு அந்த விலை தகும் என்று அவர் தெரிந்தே முடிவெடுத்திருக்கலாம். உன் டோர்னமென்ட் அடுத்த வருடமும் வரும்.

ஆகவே என் கணக்கு இது. இடது காலில் கண் மூடி நிற்கும் விநாடி வலது காலுக்குச் சமமாக வரட்டும். ஒற்றைக்காலில் குதிகால் தூக்கும் எண்ணிக்கை சமமாகட்டும். ஒற்றைக்காலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் குதித்துத் தடுமாறாமல் நிற்க வரட்டும். மூன்றும் வந்த அன்று ஆடு. முதல் ஆறு மாதம் கயிறு கட்டும் பிரேஸ் போட்டுக்கொண்டு ஆடு. ஒரு தடவை மடங்கிய காலுக்கு அது நிஜமாகவே காவல். டோர்னமென்ட்டுக்கு முன் மூன்றும் வந்துவிட்டால் என் ஆசீர்வாதம். வரவில்லை என்றால் அணிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு. ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. அப்பாவிடமும் சொல்: இரண்டு மாதத்துக்கு மூட்டையை இடது கால் முன்வைத்துப் படியில் இறக்க வேண்டாம். 'சுளுக்குதானே' என்று அவர் சொன்னால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடு.

அடுத்த கடிதம் போடும்போது வலி எப்படி இருக்கிறது என்று எழுதாதே. வலி பொய் சொல்லும். இடது காலில், சாக்கின்மேல், கண்ணை மூடி எத்தனை விநாடி நின்றாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்